எழினியும் எதிர்முழக்கமும்: வீட்டு ஒலிப்பதிவில் தற்காலிக அறைகளின் வரலாறு

பாடுபவரின் குரல் ஒருபோதும் தனியாகப் பதிவாவதில்லை. அது சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்புகிறது, தரையிலிருந்தும் எழுகிறது. ஒலிவாங்கிக்கு வந்து சேர்வது இவை அனைத்தின் கூட்டுத்தொகை. ஆகவே ஒலிப்பதிவின் வரலாறு கருவிகளின் வரலாறு மட்டுமன்று, அறைகளின் வரலாறும் ஆகும். அவ்வறைகளுள் நிலையாகக் கட்டப்பட்ட ஒலிப்பதிவுக் கூடங்களைப் பற்றி நிறையவே எழுதப்பட்டுள்ளது. கம்பளியும் மெத்தையும் ஜமுக்காளமும் கொண்டு சில மணி நேரத்திற்கு மட்டும் உருவாக்கப்பட்டு, பாட்டு முடிந்ததும் கலைக்கப்பட்ட அறைகளைப் பற்றி மிகக் குறைவாகவே எழுதப்பட்டுள்ளது. கலைக்கப்பட்டவை ஆவணமாவதில்லை என்பதே அதற்குக் காரணம். ஆனால் கொச்சியின் மட்டாஞ்சேரியையும் அதன் தெற்கே உப்பங்கழி சூழ்ந்து கிடக்கும் கும்பளங்கியையும் போன்ற ஊர்களின் இசை, பெரும்பாலும் கூடங்களில் அன்றி வீடுகளிலேயே வாழ்ந்தது. அவ்விசையை ஆய்பவர்களுக்கு இந்தத் தற்காலிக அறைகளின் வரலாறு வெறும் தொழில்நுட்பச் செய்தி அன்று. அது சான்றின் தன்மையைப் பற்றிய கேள்வி.

தமிழில் இக்கேள்விக்கு ஒரு பழைய முன்னுரை உண்டு. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை ஆடரங்கின் அளவைத் துல்லியமாகத் தருகிறது: அகலம் ஏழு கோல், நீளம் எட்டுக் கோல், அரங்கின் உயரம் ஒரு கோல். ஒரு கோல் என்பது இருபத்து நான்கு பெருவிரல் அளவு. அவ்வரங்கில் ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூவகைத் திரைகளும், மேலே விதானமும் அமைக்கப்படுகின்றன. இத்திரைகள் காட்சிக்காக வைக்கப்பட்டவை. ஒலியை ஆள்வது அவற்றின் நோக்கம் என்று சொல்ல நூலில் இடமில்லை. ஆனாலும் துணி தொங்கும் இடத்தில் ஒலி மாறும் என்பது இயற்பியல். நிகழ்த்துதலுக்கான இடத்தைத் துணியால் உருவாக்கிப் பின் கலைத்துவிடும் பழக்கம் மின்சாரத்துக்கும் ஒலிவாங்கிக்கும் மிக முந்தையது என்பதை அக்காதை நினைவூட்டுகிறது.

இப்பழக்கம் அளவையியலாக மாறியது 1895இல். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஃபாக் கலைக்கூடத்தின் புதிய விரிவுரை மண்டபத்தில் பேசினால் எவருக்கும் விளங்கவில்லை. ஒரு சொல் அடங்க ஐந்து வினாடிக்கும் மேல் ஆயிற்று. அதற்குள் அடுத்த பல சொற்கள் அதன்மேல் விழுந்தன. இதைச் சீர்செய்யும் பணி வாலஸ் சேபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் வந்தது. அவர் அருகிலிருந்த சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் மண்டபத்துக்குள் சுமந்து வரச் செய்தார். மெத்தைகளின் எண்ணிக்கையைக் கூட்டியும் குறைத்தும், ஓர் ஆர்கன் குழலின் ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். விடிவதற்குள் மெத்தைகளைத் திரும்ப அனுப்பினார். இந்த இரவுப் பணியிலிருந்து பிறந்ததுதான் எதிர்முழக்க நேரத்தின் வாய்பாடு: அறையின் கனஅளவை 0.161ஆல் பெருக்கி, அறையிலுள்ள மொத்த ஒலி உட்கவர்தலால் வகுக்க வேண்டும். 1900இல் திறக்கப்பட்ட பாஸ்டன் சிம்பொனி மண்டபம் இவ்வறிவைக் கொண்டு கட்டப்பட்டது. ஆக, நிலையான இசை மண்டபங்களின் அறிவியல் தற்காலிக மெத்தைகளிலிருந்தே தொடங்கியது. இன்று வீட்டு அறையில் தலையணை அடுக்குபவர் அறிவியலுக்குப் புறம்பான எதையும் செய்யவில்லை. அதன் முதற் சோதனையையே திரும்பச் செய்கிறார்.

சேபைனின் அலகும் கவனிக்கத்தக்கது. முழு உட்கவர்தலுக்கு அவர் எடுத்துக்கொண்ட அளவுகோல் திறந்த சன்னல். அதன் வழியே வெளியேறிய ஒலி திரும்புவதில்லை. எனவே திறந்த சன்னலின் ஒரு சதுர அடி ஓர் அலகு. மூடிய சுவர்களுள் ஒலியை அடக்கும் கலை, திறந்த சன்னலை அளவாகக் கொண்டு தொடங்கியது.

இந்தியாவில் ஒலிப்பதிவு தொடங்கியபோது நிலையான கூடம் எதுவும் இல்லை. கிராமஃபோன் கம்பெனியின் ஃபிரெட் கைஸ்பெர்க் 1902 நவம்பரில் கல்கத்தாவின் விடுதி அறைகளையே பதிவுக்கூடமாக மாற்றிக்கொண்டார். கௌஹர் ஜான் அந்த முதற் பயணத்தில்தான் பாடினார். அடுத்த சில ஆண்டுகளில் கம்பெனிகள் தென்னிந்தியக் கலைஞர்களையும் நாடின. சேலம் கோதாவரி, கோயம்புத்தூர் தாயி முதலிய பெண் கலைஞர்களின் குரல்கள் 20ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலேயே ஒலித்தட்டில் ஏறின.

ஆனால் இவ்விடுதி அறைகளின் தேவை இன்றைய வீட்டுப் பதிவின் தேவைக்கு நேர்எதிரானது. அன்று ஒலிவாங்கி இல்லை; குரலின் ஆற்றல் மட்டுமே கொம்பின் வழியே சென்று மெழுகில் ஊசியை அசைக்க வேண்டும். ஒலியை விழுங்கும் திரைச்சீலை அங்கே பகை, வெறுஞ்சுவர் துணை. 1925க்குப் பின் மின்முறைப் பதிவு பரவியதும் நிலை தலைகீழாயிற்று. ஒலிவாங்கி நுண்ணியது, அறையின் ஒவ்வொரு திரும்பொலியையும் அது பொறுக்கியெடுத்தது. 1923இல் செயல்படத் தொடங்கிய பிபிசியின் சவாய் ஹில் கூடங்களில் சுவரெங்கும் துணிகள் அடுக்கடுக்காகத் தொங்கவிடப்பட்டன. பாடியவர்கள் தம் குரலே தமக்குக் கேளாத அந்த உயிரற்ற தன்மையை வெறுத்தனர். அடுத்த பத்தாண்டில் வானொலிப் பொறியாளர்களே ஓரளவு எதிர்முழக்கத்தைத் திரும்பக் கொண்டுவந்தனர். எதிர்முழக்கம் இரைச்சலாகக் கருதப்பட்டதும், தூய்மையான ஒலி என்பது இடமற்ற ஒலி என்று ஆனதும் வரலாற்றில் நிகழ்ந்த மாற்றம்; இயற்கையின் விதி அன்று. நவீனத்துவத்தின் ஒலிச்சூழலைப் பற்றிய தம் 2002ஆம் ஆண்டு நூலில் எமிலி தாம்சன் விரிவாக நிறுவுவது இதையே.

மொழியியலாளர்களுக்கு இவ்வரலாறு அந்நியமானதன்று. கிரியர்சனின் இந்திய மொழிக் கணக்கெடுப்போடு இணைந்த கிராமஃபோன் பதிவுகளில், விவிலியத்தின் ஊதாரி மகன் கதையைப் பல மொழியினரும் தத்தம் மொழியில் சொன்னார்கள். தமிழும் அவற்றுள் ஒன்று. கொம்புமுறைப் பதிவு தக்கவைத்தது ஏறத்தாழ 200 முதல் 2,500 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண்களை மட்டுமே. உயிரொலிகள் பிழைத்தன, 4,000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஆற்றல் மிகும் சகர உரசொலிகள் மங்கின. தமிழின் ழகரம் எல்லைக்கோட்டில் நின்றது. தமிழின் ஐந்து நெகிழொலிகளையும் காந்த அதிர்வுப் படங்கள் உள்ளிட்ட முறைகளால் ஆராய்ந்து ஸ்ரீகாந்த் நாராயணன், டானி பர்ட், அபிகெயில் கான் ஆகியோர் 1999இல் வெளியிட்ட கட்டுரை, இவ்வொலிகளின் வேறுபாடு நாவின் வடிவில் எவ்வளவு நுட்பமானது என்பதைக் காட்டியது. ஒலியலையில் ழகரத்தை அடையாளப்படுத்துவது அதன் தாழ்ந்த மூன்றாம் ஃபார்மன்ட். அந்த அதிர்வெண் பகுதியில் அறையின் எதிர்முழக்கம் படிந்தால், ழகரமும் ளகரமும் ஒன்றோடொன்று கலங்கும். கல் மண்டபத்தில் கேட்கும் தேவாரத்தில் பண் தெளிவாக இருந்தும் சொல் விளங்காமற்போவது இதனாலேயே. அறையைச் சீர்செய்வது பாடலாய்வாளருக்கு அழகியல் விருப்பம் மட்டுமன்று. பாடத்தைக் காப்பதும் ஆகும்.

இனி கொச்சிக் கடற்கரையின் வீட்டுக்குள் இவ்வளவையியலைக் கொண்டு செல்லலாம். கேரளக் கடலோரத்தின் பழைய வீடு செங்கல் அல்லது செம்புறைக் கல் சுவர், ஓட்டுக் கூரை, பல வீடுகளில் மரப்பலகைத் தட்டு என அமைந்தது. ஓடுகளின் இடைவெளி வழியே ஒலி கசிந்து வெளியேறும். மெல்லிய பலகை தாழ்ந்த சுரங்களுக்கு அதிர்ந்து அவற்றின் ஆற்றலைத் தின்னும். அப்பழைய வீட்டின் கூரை, எவரும் திட்டமிடாமலே, ஒலியை ஆளும் கருவியாக இருந்தது. அதன் இடத்துக்கு வந்த கான்கிரீட் அறையில் ஆறு பக்கமும் கடினம். 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் கொண்ட வெற்றறையை எடுத்துக்கொண்டால் கனஅளவு 36 கனமீட்டர். பரப்பு 66 சதுரமீட்டர். பூசிய சுவரின் உட்கவர் கெழுவை 0.025 எனக் கொண்டால் மொத்த உட்கவர்தல் ஏறத்தாழ 1.65 சதுரமீட்டர், எதிர்முழக்க நேரம் 3.5 வினாடி. ஒரு சதுரமீட்டர் அளவுள்ள இரு சன்னல்களைத் திறந்தால் அது 1.6 வினாடியாகக் குறையும். பிறகு 12 சதுரமீட்டர் தடித்த கம்பளியைச் சுவரிலிருந்து சற்று விலக்கித் தொங்கவிட்டு, அதன் கெழுவை நடுத்தர அதிர்வெண்களில் 0.5 என மதிப்பிட்டால், நேரம் 0.6 வினாடிக்கு இறங்கும். சிறிய அறைகளில் இவ்வாய்பாடு தோராயமானதே. ஆயினும் நான்கைந்து கம்பளிகள் என்ன செய்யும் என்பதை அது காட்டிவிடுகிறது.

இதே கணக்கை வேறொரு விதமாகவும் போடலாம். உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர், உடுத்திய உடையோடு, நடுத்தர அதிர்வெண்களில் ஏறத்தாழ 0.4 சதுரமீட்டர் உட்கவர்தலுக்குச் சமம். அதே அறையில் கம்பளிகளுக்குப் பதில் இருபது பேரை உட்காரவைத்தால் கூடுவது 8 சதுரமீட்டர். எதிர்முழக்க நேரம் அரை வினாடி. அதாவது, நல்ல பதிவறைக்கு வேண்டிய அடக்கத்தைக் கேட்பவர்களின் உடல்களே தந்துவிடுகின்றன.

மட்டாஞ்சேரியின் இசை வரலாற்றில் இது பொருள் பொதிந்த செய்தி. மலையாளம், கொங்கணி, குஜராத்தி, கச்சி, உருது, தமிழ் எனப் பல மொழிகள் அடுத்தடுத்த தெருக்களில் வழங்கும் அவ்வூரின் மெஹ்ஃபில் மரபு, நெருங்கி அமர்ந்த கேட்போரை நடுவே கொண்டு வளர்ந்தது. ஃபோர்ட் கொச்சியில் 1926இல் பிறந்து 1981இல் மறைந்த மெஹ்பூப் திரைப்படங்களில் பாடியவர். ஆனால் அவ்வூர் அவரை நினைவில் வைத்திருப்பது வீட்டு அவைகளின் பாடகராகவும்தான். மலையாள கஸலுக்கு முகமாக விளங்கி 2018இல் மறைந்த உம்பாயி அம்மரபிலிருந்து வந்தவர். கேரளத்தின் வடபகுதியில் கோழிக்கோட்டின் எம்.எஸ். பாபுராஜும் அத்தகைய அவைகளில் ஆர்மோனியத்தோடு பாடியவர். மெஹ்ஃபில் அறையில் தனியே ஒலிச்சீரமைப்பு தேவைப்படவில்லை. பாயும் திண்டும் திறந்த சன்னலும் நெருங்கிய தோள்களும் அதைச் செய்தன. ரசிகர்களின் வியப்பொலியும் அவ்வறையின் பகுதியே.

2020 மார்ச் 25 முதல் நாடு முழுவதும் அமலான ஊரடங்கில் இந்தச் சமன்பாடு உடைந்தது. கூடங்கள் மூடப்பட்டன, அவைகள் கலைந்தன, பாடகர்கள் அறைகளில் தனித்தனியே நின்றனர். அந்த மே மாதத்தில் 200க்கும் மேற்பட்ட இந்தியப் பாடகர்கள் தத்தம் வீட்டிலிருந்தே பதிவு செய்து அனுப்பிய குரல்களைக் கோத்து ஒரே பாடலாக வெளியிட்டனர். துணி அலமாரிக்குள் முகத்தை நுழைத்துப் பாடுவதும், கட்டில் மெத்தையைச் சுவரில் சாய்த்து நிறுத்துவதும், இரு நாற்காலிகளின்மேல் போர்வையைப் போட்டுக் கூடாரமாக்குவதும் உலகெங்கும் ஒரே காலத்தில் நிகழ்ந்தன. கேட்பவர்களின் உடல்கள் இருந்த இடத்தில் இப்போது கம்பளிகள் தொங்கின. ஒலியளவில் அவை சமம். இசையின் அளவில் சமமா என்பது வேறு கேள்வி.

தற்காலிகச் சீரமைப்பின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். தொங்கும் துணி மிகுதியாக உட்கவர்வது, சுவரிலிருந்து அதன் தொலைவு அலைநீளத்தின் கால்பங்காக அமையும் அதிர்வெண்ணிலும் அதற்கு மேலுமே. சுவரிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளித் தொங்கும் கம்பளி ஏறத்தாழ 850 ஹெர்ட்ஸிலிருந்து நன்கு வேலை செய்யும். ஆனால் ஒரு கட்டைச் சுருதியில் பாடும் ஆணின் ஆதார சட்ஜம் 130 ஹெர்ட்ஸ் அளவில் நிற்கிறது; அதற்குக் கால்பங்கு அலைநீளம் 66 சென்டிமீட்டர். எந்த வீட்டிலும் கம்பளியை அவ்வளவு தள்ளிக் கட்டுவதில்லை. விளைவாக, கம்பளி சூழ்ந்த அறையில் மேற்சுரங்கள் அடங்கிப்போகும். தம்பூராவின் அடிநாதமும் மிருதங்கத்தின் தொப்பியும் மட்டும் மூலைகளில் திரண்டு குமுறும். இலவம்பஞ்சு மெத்தைகளைச் சுருட்டி மூலைகளில் நிறுத்துவது இதற்கு ஓரளவு மருந்து. தாழ்ந்த அதிர்வெண்களின் அழுத்தம் மிகுவது அங்கேதான். கயிறு வாரியத்தின் தலைமையகம் அமைந்த கொச்சியில் தென்னைநாருக்கும் இதில் இடமுண்டு. மலேசிய ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வு அந்நாரின் உட்கவர் திறனை அளந்தது. தாழ்ந்த அதிர்வெண்களில் அதற்கும் பின்னால் காற்றிடைவெளி வேண்டும்.

இன்னொரு குழப்பமும் பரவலானது. உட்கவர்தல் வேறு, தடுத்தல் வேறு. அறைக்குள் எழும் ஒலி திரும்புவதைக் கம்பளி குறைக்கும்; வெளியே பெய்யும் மழை உள்ளே வருவதை அது நிறுத்தாது. தடுப்பதற்கு எடையும் இடைவெளியற்ற மூடலும் வேண்டும். முட்டை அட்டையும் மெல்லிய நுரைப்பஞ்சும் அதற்கு உதவா. ஜூனில் தென்மேற்குப் பருவமழை ஓட்டுக் கூரையில் விழத் தொடங்கினால், கொச்சிக் கடலோரத்தில் பதிவுக்கான ஒரே தீர்வு மழை ஓயும்வரை காத்திருப்பது. தவளையும் படகு எஞ்சினும் ஓயும் பின்னிரவு, சேபைனுக்குப் போலவே இவ்வூர்களின் பாடகர்களுக்கும் பொருந்தும் வேளை.

எந்த ஒலியை இரைச்சல் என்று நீக்குவது என்ற கேள்வி சவிட்டு நாடகத்தில் கூர்மையடைகிறது. கொச்சிக் கடற்கரையின் இலத்தீன் கத்தோலிக்கரிடையே வழங்கும் இந்நாடகத்தின் பழைய பாடங்கள் தமிழும் மலையாளமும் கலந்தவை. ‘கார்ல்மான் சரித’த்தை இயற்றியவராக மரபு சொல்லும் சின்னத்தம்பி அண்ணாவி தமிழர். சபீனா ராஃபி 1964இல் வெளியிட்ட நூல் இக்கலையைப் பரவலாக அறியச் செய்தது. இதன் பெயரே பாடலைப் பாதத்தோடு இணைக்கிறது. பலகை மேடையை மிதித்தெழும் தாழ்ந்த அதிர்வு தாளத்தின் உடல். இப்பாடல்களை ஆசான் ஒருவரின் வீட்டில், கம்பளிகளுக்கு நடுவே, நெருக்கமாக வைத்த ஒலிவாங்கியில் பதிவு செய்தால் தமிழ்ச் சொற்கள் தெளியும். ழகரம் எப்படி ஒலிக்கிறது, எங்கே யகரமாகிறது என்பதையெல்லாம் அளக்கலாம். ஆனால் பலகையும் பாதமும் போய்விடும். மேடையில் பதிவு செய்தால் அவை கிடைக்கும், சொல் கலங்கும். மொழியியலாளருக்கு உகந்த அறையும் நிகழ்த்துகலை ஆய்வாளருக்கு உகந்த அறையும் ஒன்றல்ல. ஒரே பாடலை இரண்டு அறைகளில் பதிவு செய்வதே நேர்மையான வழி.

கொச்சி யூதப் பெண்களின் மலையாளப் பாடல்கள் இக்கேள்வியின் மற்றொரு முகத்தைக் காட்டுகின்றன. பெண்கள் குறிப்பேடுகளில் எழுதிவைத்துத் தலைமுறைதோறும் கைமாற்றிய பாடல்கள் அவை. மண வீடுகளிலும் பெண்களின் கூட்டங்களிலும் பாடப்பட்டவை. அச்சமூகத்தினரில் பெரும்பாலோர் 1950களில் இசுரேலில் குடியேறினர். பார்பரா ஜான்சன், ஸ்கரியா சக்கரியா, ஒஃபிரா கம்லியேல் முதலிய ஆய்வாளர்களின் நெடிய உழைப்பால் 2004இல் ஒலிவட்டும் 2005இல் பாட நூலும் வெளிவந்தன. பாடியவர்களின் குரலும் சொல்லும் காப்பாற்றப்பட்டன. ஆனால் அப்பாடல்கள் பிறந்த வீடுகளின் பலகைத் தட்டும் அங்கே கூடிய பெண்களின் நெருக்கமும் எந்தப் பதிவிலும் மீளா. இது ஆய்வாளர்களின் குறையன்று. பதிவு வருவதற்குள் அறை பிரிந்துபோயிற்று.

எனவே, அறையைச் சீர்செய்வதற்கு முன் அறையையும் பதிவு செய்ய வேண்டும் என்ற வாதம் எழுகிறது. வீட்டிலிருந்து செய்யும் பதிவுகள் ஒலியியல் ஆய்வுக்கு எந்த அளவு தகும் என்று செல்சி சேங்கரும் குழுவினரும் 2021இல் சோதித்தபோது, கருவியும் மென்பொருளுமே அளவீடுகளை மாற்றிவிடுகின்றன என்று கண்டனர். கருவியின் பெயரைக் குறித்துவைக்கும் பழக்கம் அதன்பின் வலுப்பெற வேண்டியதாயிற்று. அறைக்கும் அதே நியாயம் பொருந்தும். பாடகர், ஊர், நாள், பாடல், ஒலிவாங்கி என நீளும் ஆவணக் காப்பகத்தின் விவரப் பட்டியலில் அறையின் நீள அகலம், சுவரின் பொருள், தொங்கிய துணிகள், அமர்ந்திருந்தோரின் எண்ணிக்கை ஆகியவற்றுக்கும் ஒரு வரி இருக்கலாம்.

இதற்குச் செலவு ஏதும் இல்லை. கம்பளிகளைக் கட்டுவதற்கு முன் ஒரு முறையும் கட்டிய பின் ஒரு முறையும் அறையின் நடுவே உரக்கக் கைதட்டி, அது அடங்கும்வரை பதிவு செய்தால் போதும். அத்துடன் ஒரு நிமிட மௌனம். எதிர்முழக்க நேரத்தைப் பின்னாளில் ஓரளவு கணக்கிட அத்தட்டல் உதவும். கூரையும் கடலும் தெருவும் எப்படி இருந்தன என்பதை அம்மௌனம் சொல்லும். 1902இல் கல்கத்தாவின் விடுதி அறையில் பாடி முடித்த கௌஹர் ஜான், ஒலித்தட்டின் இறுதியில் தம் பெயரைத் தாமே சொன்னார். மெழுகுத் தட்டுகள் அச்சாகக் கடல் கடந்து ஹனோவருக்குச் சென்றபோது, யார் பாடியது என்பதை அங்கிருந்தவர்கள் அறிய அது உதவியது. அவர் பெயர் இன்றும் கேட்கிறது. அவர் நின்று பாடிய அறையைப் பற்றி அத்தட்டு ஒரு சொல்லும் சொல்லவில்லை.